பெசந்த்ரென் மாணவர்களும் ஆண்–பெண் சமத்துவப் பாடமும்: கேள்வி பதில்

இந்தோனேசியாவின் விடுதி மதரஸாக்களான பெசந்த்ரென்களைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி (காயல்பட்டினம்): காக்கா, ஆணும் பெண்ணும் சமம் என்று பாடம் எடுத்தால் மதரஸா பிள்ளைகள் காதில் வாங்குவார்களா?

பதில்: யார் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது தங்கச்சி. வெளியாள் வந்து புரொஜெக்டர் போட்டுப் பேசினால், மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு ‘மேற்கத்தியச் சரக்கு’ என்று போய்விடுவார்கள். அதையே அவர்களுடைய கியாயியோ, மதரஸாவை நடத்தும் ஞாயியோ கிதாபை, அதாவது மார்க்க நூலை, விரித்துவைத்துச் சொன்னால் கதை வேறு. கியாயி என்றால் நம்மூர் பெரிய ஹஜ்ரத், மார்க்க ஆசான். ஞாயி என்றால் அதே பொறுப்பில் இருக்கும் பெண்மணி.

கேள்வி (அக்குறணை): நானா, அந்தக் கிதாபே எதிராக இருந்தால்?

பதில்: சிக்கலே அங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் நவவி அல்-பந்தானி எழுதிய ‘உகூதுல் லுஜைன்’ கணவன் மனைவி கடமைகளைச் சொல்வது. மனைவியின் கீழ்ப்படிதலுக்கே அழுத்தம் அதிகம். பெசந்த்ரென்களில் பரவலாக ஓதப்படுகிறது. கியாயி அரபியில் வாசித்துப் பொருள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வரிக்குக் கீழே சாய்வாக, பொடி எழுத்தில், அரபு எழுத்திலேயே ஜாவா மொழிப் பொருளைக் குறித்துக்கொள்வார்கள். நம் அரபுத்தமிழ் மாதிரிதான். அந்த நேரத்தில் யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை.

முன்னாள் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹிதின் மனைவி சிந்தா நூரியா 1997இல் ஒரு குழுவைக் கூட்டி, இந்தக் கிதாபில் உள்ள ஹதீஸ்களை (நபிமொழிகளை) ஸனது ஸனதாக, அதாவது யார் யார் வழியாக வந்தவை என்று பார்த்து, அலசினார். பல பலவீனமானவை, சில இட்டுக்கட்டியவை என்று 2001இல் நூல் வந்தது. கிழக்கு ஜாவாவின் பசுருவான் பக்கத்து இளம் கியாயிகள் கொதித்துப்போய் மறுப்பு நூலே போட்டார்கள். எனக்கு அதுவும் நல்லதாகவே படுகிறது. சண்டை கிதாபுக்குள்ளேயே நடந்ததல்லவா!

கேள்வி (மதுரை): பையன்களும் பெண்களும் ஒரே மாதிரி நினைக்கிறார்களா சார்?

பதில்: படிப்பு, வேலை என்றால் பெரும்பாலும் இரு தரப்புக்கும் ஆட்சேபம் இல்லை. கிழக்கு ஜாவாவின் ஜொம்பாங் அருகே தெனன்யார் பெசந்த்ரெனில் 1919இலேயே பெண்களுக்கு வகுப்பு தொடங்கியாயிற்று. குடும்பத் தலைமை, வாரிசுப் பங்கு, தொழுகையை முன்நின்று நடத்தும் இமாமத் என்று வந்தால் பெண்பிள்ளைகளே ‘குர்ஆனிலேயே இருக்கிறதே’ என்று நிறுத்திவிடுவார்கள். ஆம்/இல்லை என்று டிக் அடிக்கச் சொல்லும் கேள்வித்தாள்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. ‘கணவனே தலைவன்’ என்று டிக் அடிக்கிற பெண்ணே, 16 வயதில் நிக்காஹ் வேண்டாம் என்று வாதாடவும் கூடும்.

கேள்வி (அதே உறுப்பினர்): சட்டம் வரை ஏதாவது போயிருக்கிறதா?

பதில்: போயிருக்கிறது. 2017 ஏப்ரலில் சிரெபோனின் கெபோன் ஜம்பு பெசந்த்ரெனில் பெண் ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) மாநாடு கூடி, குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது கடமை என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. 2018இல் அரசியல் சாசன நீதிமன்றமும் சட்டத்தைத் திருத்தச் சொல்ல, 2019இல் பெண்ணின் திருமண வயது 16இலிருந்து 19 ஆனது. நீதிமன்ற விலக்கு வாங்கி முன்னதாகவே முடித்துவைக்கும் வழி இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

கேள்வி (கீழக்கரை): நம் மதரஸாக்களுக்கு இது ஒத்துவருமா காக்கா?

பதில்: அவர்களும் நம்மைப் போலவே ஷாஃபி மத்ஹபு, அதாவது அதே மார்க்கச் சட்ட வழி. கேரளத்துப் பொன்னானி மக்தூம் எழுதிய சட்ட நூலான ‘ஃபத்ஹுல் முஈன்’ அங்கேயும் ஓதப்படுகிறது. நிக்காஹ் பாடத்திலிருந்து தொடங்குங்கள். ஆலிமாவையே (பெண் மார்க்க அறிஞரையே) நடத்தச் சொல்லுங்கள். வாரிசுரிமையை முதல் நாளே எடுத்தால் வகுப்பு அன்றோடு முடிந்தது.