கேன்டன் வாசலில் காத்திருக்கும் பெரியவர்கள்

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுக்க ஒரே விஷயம்தான். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓய்வு பெற்ற வீரர்களை ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது அந்த ஆட்டத்தின் மகத்தானவர்களைக் கௌரவிக்கும் மண்டபத்துக்கு, தேர்வு செய்வதைப் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கேள்வி: ஹால் ஆஃப் ஃபேம் என்பது மெஸ்ஸி, ரொனால்டோ விளையாடும் கால்பந்துக்கானதா? அது ஏன் கேன்டன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது?

பதில்: இல்லை, இது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஓடுவார்களே, அந்த ஆட்டத்துக்கானது. ஒஹையோ மாநிலத்தின் கேன்டனில் 1963 செப்டம்பர் 7ம் தேதி திறந்தார்கள். முதல் வருஷம் ஜிம் தோர்ப், ரெட் கிரேஞ்ச் உள்பட 17 பேரைச் சேர்த்தார்கள்.

கேன்டனைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு. இன்று என்எஃப்எல் என்று சொல்கிற லீக் 1920 செப்டம்பர் 17 அன்று அந்த ஊரில்தான் பிறந்தது, அதுவும் ரால்ஃப் ஹே என்பவரின் கார் ஷோரூமில். உட்கார நாற்காலி போதாமல், வந்தவர்களில் சிலர் காரின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்துதான் பேசினார்களாம். அந்த ரால்ஃப் ஹேயின் பெயர் 2025 இறுதிப் பட்டியல் வரை வந்தும் தேர்வாகவில்லை. லீக் பிறந்த கூரையைக் கொடுத்தவருக்கே இந்த நிலைமை என்றால், காத்திருக்கும் வீரர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? 2025ல் நான்கு பேர்தான் என்றதும் ரசிகர்கள் கொதித்தார்களே, ஏன்?

பதில்: சுமார் 50 பேர் கொண்ட குழு. பெரும்பாலும் விளையாட்டுப் பத்திரிகையாளர்கள், கூடவே சில முன்னாள் வீரர்கள். ஒரு வீரர் ஆட்டத்தை விட்டு ஐந்து சீசன் முழுதாக முடிந்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் அவர் பெயரையே எடுப்பார்கள். நூற்றுக்கும் மேலான பெயர்களில் ஆரம்பித்துச் சலித்துச் சலித்துக் கடைசியில் 15 பேரில் நிறுத்துவார்கள். அப்புறம் கூட்டம் கூட்டி, ஒவ்வொருவருக்காகவும் ஒரு தேர்வாளர் வக்கீல் மாதிரி எழுந்து பேசுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பெய்ட்டன் மானிங் போன்ற பெரிய நட்சத்திரத்துக்குச் சில நொடிப் பேச்சே போதும். மற்றவர்களுக்குப் பேச்சு நீண்டுகொண்டே போகும்.

2025ல் விதியை மாற்றினார்கள், சிக்கல் அங்கே ஆரம்பித்தது. 15 பேர் பத்தாகி, பத்து ஏழாகி, அந்த ஏழு பேரில் ஆளுக்கு ஐந்து பேரை டிக் அடிக்க வேண்டும். நூற்றுக்கு 80 வாக்கு வாங்கியவர் உள்ளே. இதை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 பேர் ஆளுக்கு ஐந்து டிக் போட்டால் மொத்தம் 250 டிக். ஏழு பேருக்குப் பங்கிட்டால் சராசரியாக ஒருவருக்கு 36க்குக் கொஞ்சம் கீழே வரும். ஆனால் தேவைப்படுவதோ 40. அதாவது ஏழு பேருமே ஒரே தரத்தில் இருந்துவிட்டால் ஒருவர்கூடத் தேற மாட்டார், அதனால் குறைந்தது மூன்று பேர் என்று ஒரு தனி விதி வைத்துத்தான் ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

பழைய ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், பங்களிப்பாளர் (முதலாளி, நிர்வாகி போன்றவர்) என்று இன்னொரு ஐவர் அணி இருக்கிறது. அவர்களில் மூவரைத்தான் டிக் அடிக்கலாம். மொத்தம் 150 டிக், ஒருவருக்கு 40 வேண்டும். மூன்று பேர் தேற வேண்டுமென்றால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மூவரை நினைத்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா? ஒரே ஒருவர்தான் தேறினார். ஆக எரிக் ஆலன், ஜாரெட் ஆலன், அன்டோனியோ கேட்ஸ், ஸ்டெர்லிங் ஷார்ப் என்று நான்கு பேர், இருபது வருஷத்தில் மிகச் சிறிய அணி. தேர்வாளர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தகுதியில்லாதவர் நுழைந்துவிடக் கூடாது என்ற கவலையில், தகுதியுள்ளவர் நுழையவே முடியாதபடி வாசலைக் குறுக்கிவிட்டது இந்த விதிதான்.

கேள்வி: ஸ்டெர்லிங் ஷார்ப் விளையாடியது ஏழே சீசன். இருபது வருஷம் விளையாடியவர்கள் வெளியே நிற்க, இவரை எடுத்தது நியாயமா?

பதில்: நியாயம் மட்டுமில்லை, மிகத் தாமதமாக வந்த நியாயம்.

கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு 1988லிருந்து 1994 வரை ரிசீவராக, அதாவது வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவராக ஆடினார். 1992ல் 108 பந்து பிடித்தார், அது அப்போது சாதனை. அடுத்த வருஷம் 112 பிடித்துத் தன் சாதனையைத் தானே உடைத்தார். 1992ல் பிடித்த பந்துகள், கடந்த தூரமான யார்டுகள், எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுன்கள் மூன்றிலுமே லீக்கில் முதலிடம். கடைசி சீசனான 1994ல் 18 டச்டவுன். அதோடு கழுத்தெலும்பில் காயம் தீவிரமாகி ஆட்டம் முடிந்துபோனது. உடம்பும் திறமையும் உச்சத்தில் இருந்தபோது நின்றுபோன ஆட்டம் அது. இரண்டு வருஷம் கழித்து பேக்கர்ஸ் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தபோது அவர் அணியில் இல்லை.

அவர் தம்பி ஷனன் ஷார்ப் அடுத்த வருஷமே டென்வர் பிராங்கோஸ் அணியில் இருந்து அதே பேக்கர்ஸைத் தோற்கடித்துக் கோப்பை வென்றார். ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கும் மோதிரம் வந்தது. தன் முதல் மோதிரத்தை ஷனன் அப்படியே அண்ணன் கையில் கொடுத்துவிட்டார். 2011ல் ஷனன் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்த மேடையில், இங்கே இருப்பவர்களில் தன் சொந்தக் குடும்பத்திலேயே இரண்டாவது சிறந்த ஆட்டக்காரராக இருப்பது தான் ஒருவன்தான் என்று சொன்னார். அண்ணனையும் பரிசீலியுங்கள் என்று தேர்வாளர்களைக் கெஞ்சியே கேட்டுக்கொண்டார். அதற்கும் 14 வருஷம் கழித்துத்தான் கதவு திறந்தது. வீரர்களாகவே உள்ளே போன முதல் அண்ணன் தம்பி இவர்கள்தான்.

கேல் சேயர்ஸ் மொத்தமே 68 ஆட்டம்தான் ஆடினார், முழங்கால் போய்விட்டது. அவரை 1977லேயே, 34 வயதில் எடுத்துவிட்டார்கள். 78 ஆட்டம் ஆடிய டெரல் டேவிஸை 2017ல் எடுத்தார்கள், அவர் 1998ல் ஒரே சீசனில் 2,008 யார்டு ஓடியவர். எத்தனை வருஷம் ஆடினார் என்பதைவிட, ஆடிய வருஷங்களில் எதிரணி யாரைப் பார்த்துப் பயந்து திட்டம் போட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஷார்ப்பைப் பார்த்துப் பயந்தார்கள்.

கேள்வி: ஈலை மானிங் உள்ளே போவாரா, மாட்டாரா? வீட்டில் இதற்காகவே சண்டை நடக்கிறது.

பதில்: போவார் என்றுதான் நினைக்கிறேன், போகவும் வேண்டும். எதிர்ப்பவர்களின் வாதம் ஒன்றும் லேசானதில்லை. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக வழக்கமான சீசன் ஆட்டங்களில் அவர் ஆடி ஜெயித்தது 117, தோற்றதும் 117. சரிபாதி. ஆனால் இரண்டு சூப்பர் பவுலில் ஆட்ட நாயகன், இரண்டிலும் தோற்றது டாம் பிரேடியின் பேட்ரியாட்ஸ் அணி. அதில் முதலாவது, அந்த சீசனில் 18 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல் வந்த அணி. 2025ல் முதல் வாய்ப்பில் அவரை எடுக்கவில்லை, அதில் எனக்குக் குறை இல்லை. முதல் வருஷமே நுழைவது வேறு மரியாதை. அவர் கொஞ்சம் காத்திருக்கலாம், ஆரோக்கியமாக இருக்கிறார், வயதும் இருக்கிறது. என் கவலையெல்லாம் காத்திருக்க வயதில்லாதவர்களைப் பற்றியது.

கேள்வி: உதைப்பவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?

பதில்: பழைய எண்ணம், அவ்வளவுதான். உதைப்பதை மட்டுமே வேலையாக வைத்திருந்த கிக்கர்களில் முதல் ஆள் யான் ஸ்டெனரட், 1991ல். பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்து அனுப்பும் பன்ட்டர் என்றால் ரே கை, 2014ல். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதில் மன்னன் டெவின் ஹெஸ்டர், 2024ல். மெதுவாக மாறி வருகிறது.

கேள்வி: முன்வரிசையில் நின்று எதிராளியை மறிக்கிற லைன்மேன்களுக்கு டச்டவுனும் இல்லை, யார்டும் இல்லை. அவர்களை எதை வைத்து எடை போடுகிறார்கள்?

பதில்: அருமையான கேள்வி. கூட ஆடியவர்கள் சொல்வது, எதிர்த்து ஆடியவர்கள் சொல்வது, பழைய படச்சுருள்கள், இவைதான் வழி. அதனாலேயே இவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள்.

பேக்கர்ஸின் ஜெரி கிரேமரை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 டிசம்பர் 31, கிரீன் பே மைதானம். குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம். தரை பாறையாக உறைந்து, ஷூவின் முள் எதுவும் மண்ணில் இறங்கவில்லை. டல்லாஸ் மூன்று புள்ளி முன்னால் இருக்கிறது, 16 நொடி பாக்கி, கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு யார்டு தூரம், டைம் அவுட் கையிருப்பில் இல்லை. அந்த வழுக்கலில் கால் ஊன்றி, எதிரே நின்ற ஜெத்ரோ பியூவைத் தாழ்வாகப் பாய்ந்து தள்ளினார் கிரேமர், பக்கத்தில் நின்ற கென் போமனும் சேர்ந்து தள்ள, திறந்த சந்தில் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் விழுந்தார். 21-17. ஸ்கோர் புத்தகத்தில் டச்டவுன் ஸ்டார் பெயரில் இருக்கிறது. சந்து திறந்தவர் பெயருக்கு அந்தப் புத்தகத்தில் கட்டமே கிடையாது.

கிரேமர் 1968 சீசனோடு ஓய்வு பெற்றார். லீக்கின் 50ம் ஆண்டு நிறைவு அணியில் அவர் பெயர் இருந்தது. அப்படிப்பட்டவரைப் பத்து முறை இறுதிப் பட்டியல் வரை கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பினார்கள். 2018ல் எடுத்தபோது அவருக்கு 82 வயது. அந்த மேடையில் அவர் சிரித்ததைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் ஐம்பது வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள் என்ற வருத்தமும் கூடவே இருந்தது.

கேள்வி: மைதானத்துக்கு வெளியே தப்பு செய்தவர்களுக்கும் அங்கே சிலை இருக்கிறதே? ஓ.ஜே. சிம்சன் சிலையை ஏன் எடுக்கவில்லை?

பதில்: தேர்வாளர்கள் மைதானத்தில் நடந்ததை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. சிம்சனை 1985ல் எடுத்தார்கள், அவர் மீதான கொலை வழக்கு உள்பட மற்றதெல்லாம் அப்புறம் நடந்தது. ஒருமுறை உள்ளே போனவரை வெளியேற்றுவதில்லை. இந்த விதியில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் நல்லவர் யார் கெட்டவர் யார் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை 50 பேரிடம் கொடுத்தால் இதைவிட மோசமாகும் என்று பயப்படுகிறேன்.

ரிசீவர் டெரல் ஓவன்ஸ் விஷயம் அதற்கு உதாரணம். 15,934 யார்டு, 153 டச்டவுன். ஓய்வு பெற்றபோது யார்டு கணக்கில் அவருக்கு மேலே ஒரே ஒருவர். அவர் யாரையும் கொன்றுவிடவில்லை, திருடவில்லை. டிரஸ்ஸிங் ரூமில் ஒத்துப்போகாதவர் என்ற பேச்சு, அதற்காக இரண்டு முறை தள்ளினார்கள். மூன்றாம் முறை 2018ல் எடுத்தபோது அவர் கேன்டனுக்கே வரவில்லை, தான் படித்த சட்டநூகா பல்கலைக்கழகத்தில் தனியாக விழா வைத்துப் பேசினார். வந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

கேள்வி: இறந்த பிறகு கொடுக்கிற கௌரவத்தால் யாருக்கு என்ன லாபம்?

பதில்: குடும்பத்துக்கு உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்பது சரி. ரெய்டர்ஸின் குவார்ட்டர்பேக் கென் ஸ்டேப்லர் 2015 ஜூலையில் இறந்தார், 2016 பிப்ரவரியில் தேர்வானார். ஏழே மாதம். 1990லேயே இறுதிப் பட்டியலில் இருந்தவர், அதாவது கால் நூற்றாண்டாக யோசித்துவிட்டு ஏழு மாதம் தவறவிட்டார்கள். சின்சினாட்டி பெங்கால்ஸின் கென் ரைலி 15 சீசனில் எதிரணியின் பந்தை 65 முறை இடைமறித்துப் பிடித்தவர், அவரும் 2020ல் போய்ச் சேர்ந்தார், தேர்வானது 2023ல். அந்த 65ல் ஒன்றுகூட அவர் இறந்த பிறகு கூடியதில்லை. உயிரோடு இருந்தபோதும் அதே 65தான்.

பழைய ஆட்டக்காரர்களுக்கு வருஷம் மூன்று இடம் என்று தனியாக, போட்டியில்லாமல் ஒதுக்கிவிடலாம். பயிற்சியாளரோடும் முதலாளியோடும் அவர்களை ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஜிம் மார்ஷலை அந்த ஒரு தவறுக்காகத்தான் விட்டுவிட்டார்களா?

பதில்: அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். 1964 அக்டோபர் 25, மினசோட்டா வைக்கிங்ஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸுக்கும் ஆட்டம். எதிரணி தவறவிட்ட பந்தை மார்ஷல் எடுத்தார், திசை குழம்பி 66 யார்டு தன் அணியின் எல்லைக்கே ஓடினார். டச்டவுன் போட்டுவிட்டோம் என்று நினைத்துப் பந்தை வெளியே எறிந்தார். எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் ஓடி வந்து தட்டிக் கொடுத்த பிறகுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. அதனால் எதிரணிக்குக் கிடைத்தது இரண்டு புள்ளி.

அந்த மனிதர் 20 சீசன் ஆடினார், தொடர்ச்சியாக 282 ஆட்டம், ஒன்றில்கூட விடுப்பு இல்லை. தினம் எதிராளியோடு மோதுகிற தற்காப்பு வரிசையில் நின்றுகொண்டு இது. அவரோடு அதே வரிசையில் நின்ற ஆலன் பேஜும் கார்ல் எல்லரும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போய்விட்டார்கள். மார்ஷல் 2025 ஜூனில் 87 வயதில் இறந்தபோது அங்கே அவருக்குச் சிலை இல்லை.

அந்தத் தப்பான ஓட்டத்தின் படத்தை இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். அதே ஆட்டத்தில் மார்ஷல் எதிரணி குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துப் பந்தை நழுவ வைத்தார், அதை எல்லர் எடுத்து ஓடி டச்டவுன் போட்டார், வைக்கிங்ஸ் 27-22 என்று ஜெயித்தது. அந்தப் பகுதியை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.