ராவணன் கோட்டை வெளிச்சவீட்டைக் கட்டிய சங்கம்: கேள்வி – பதில்

லண்டனிலுள்ள மகன் டவர் ஹில்லில் 'ட்ரினிட்டி ஹவுஸ்' என்ற கட்டடத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அது தேவாலயமா, பள்ளிக்கூடமா?
– வாசகி, வெள்ளவத்தை

இரண்டுமில்லை, கடலோடிகளின் சங்கம். தேம்ஸ் ஆற்றில் அனுபவமில்லாதவர்கள் பைலட் வேலைக்கு, அதாவது கப்பலுக்கு வழிகாட்டும் வேலைக்கு வந்து கப்பல்களை ஆபத்தில் மாட்டிவிடுகிறார்கள் என்று டெட்ஃபோர்டு மாலுமிகள் எட்டாம் ஹென்றி மன்னரிடம் முறையிட்டார்கள். 1514 மே 20இல் அரச சாசனம் கிடைத்தது. 1566இல் கடற்குறிகள், அதாவது கப்பல்களுக்கு வழிகாட்டும் அடையாளங்கள், நிறுவும் உரிமையும் சேர்ந்தது.

வருமானம் வந்த வழிதான் சுவையானது. சரக்கு இறக்கிய கப்பல் வெறுமனே கடலுக்குப் போனால் காற்றில் கவிழும். அடியில் பாரம் வேண்டும். 1594இல் அந்தப் பாரத்தை விற்கும் உரிமை சங்கத்துக்கு வந்தது. ஆற்றின் அடியிலிருந்து சரளை அள்ளி விற்றார்கள். காசும் சேர்ந்தது, கப்பல் வழியும் ஆழமாயிற்று.

வெளிச்சவீடுகளோ வெகுகாலம் தனியார் கையிலும் இருந்தன. விளக்குக் கட்டணம் என்று கப்பல்காரர்களிடம் கறந்த கறவை கொஞ்சமல்ல. 1836இல் வந்த சட்டம் அவற்றைச் சங்கமே வாங்கிவிடச் சொன்னது. கடைசியாக விலைபோன, வேல்ஸ் கரைக்கு அப்பாலுள்ள ஸ்கெரிஸ் வெளிச்சவீட்டுக்கு மட்டும் 1841இல் 4,44,984 பவுண் கொடுக்க வேண்டியிருந்தது!

இப்போது நிற்பது பழைய மாளிகைதானா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

முகப்பு மட்டும். சங்கம் முன்பு வாட்டர் லேனில் இருந்தது. அந்த வீடு 1666 பெருந்தீயில் எரிந்தது, 1714இல் மறுபடியும் எரிந்தது. டவர் ஹில் மாளிகை சாமுவேல் வயட் வரைந்தது, 1796இல் முடிந்தது. 1940 டிசம்பர் 29 இரவு விழுந்த குண்டுகளில் உட்புறம் அழிந்தது. பழைய புகைப்படங்களைப் பார்த்துத் திரும்பக் கட்டி, 1953இல் திறந்தார்கள். நினைத்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். சுற்றிப் பார்க்க முன்பதிவு செய்ய வேண்டும்.

இலங்கையிலும் இவர்கள் வேலை ஏதும் உண்டா?
– மாணவர், பம்பலப்பிட்டி

தென்கிழக்குக் கரையிலுள்ள கிரிந்தைக்கு அப்பால், கடலில் ராவணன் கோட்டைப் பாறைகளில் நிற்கும் இரண்டு வெளிச்சவீடுகளும் இவர்கள் கை வேலைதான். பெரிய பாறையில் முதலில் வார்ப்பிரும்புக் கோபுரம் ஒன்றை நிறுத்தப் பார்த்தார்கள். பணம் கரைந்ததுதான் மிச்சம். பிறகு சங்கத்தின் தலைமைப் பொறியியலாளர் ஜேம்ஸ் டக்ளஸ் கருங்கல் கோபுரம் வரைய, தம்பி வில்லியம் கூடவே நின்று கட்டுவித்தார். 1873 மார்ச் 10இல் விளக்கேறியது. சின்னப் பாறையில் 1878இல்.

கற்கள் ஸ்கொட்லாந்தில் கொத்தப்பட்டு வந்தவை. ஒவ்வொரு கல்லிலும் நாக்கும் குழியும் வெட்டி, பக்கத்துக் கல்லோடும் மேல், கீழ்க் கற்களோடும் பூட்டினார்கள். வெறும் சாந்தை நம்பினால் அது இறுகுமுன் அலை கழுவிக்கொண்டு போய்விடும். பூட்டிய கல்லைப் பிடுங்க அலைக்கு இடுக்குக் கிடைக்காது. தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பாறையில் படகு அணைப்பதே பெரும்பாடு. கிடைத்த அமைதியான மாதங்களுக்குள் அடுக்கி ஏற்றியிருக்கிறார்கள். 2004 சுனாமி இரண்டையும் தாக்கியது. சேதம் உண்டு, கோபுரங்கள் சாயவில்லை.