பெரிய வெள்ளிக்குப் பீடத்துணி: கறுப்பா, சிவப்பா?

தங்கச்சி, பீடத்துக்குக் கறுப்பா சிவப்பா என்று கேட்டீர்களே, ஹட்டனுக்குத் துணி எடுக்கப் போக முன் இதை வாசியுங்கள். பெரிய வெள்ளிக்கு உங்கள் தோட்டக் கோவில் பீடத்துக்குக் கறுப்பும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். வியாழன் பூசை முடிந்ததும் பீடத்தை வெறுமையாக்கிவிடுவார்கள், வெள்ளி வழிபாட்டில் நற்கருணை கொடுக்கும் நேரம் மட்டும் ஒரு வெள்ளைத் துணி விரித்தால் சரி. சிவப்பு ஃபாதரின் உடுப்புக்குத்தான், இயேசு சிந்திய இரத்தத்தின் அடையாளமாக. பாட்டி கறுப்பு என்று சொல்வதும் பொய்யில்லை, 1970இல் வந்த திருப்பலி நூலுக்கு (பூசை முறைகள் உள்ள புத்தகம்) முன் ஃபாதர்மார் கறுப்புத்தான் போட்டார்கள், அவரோடு வாதாடாதீர்கள். கையில் காசு இருந்தால் ஊதா எடுங்கள், தவக்காலம், நத்தாருக்கு முந்திய திருவருகைக்காலம் இரண்டுக்கும் ஆகும். அப்புறம் மடித்து வைக்க முன் நல்ல வெயில் காட்டுங்கள், நம் பக்கத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.