தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிட்டால்? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி (பாம்பன் வாசகர்): ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் குடும்ப மரத்தில் எங்கள் பாட்டனார் சவரிமுத்துவை யாரோ இன்னொரு சவரிமுத்துவோடு இணைத்துவிட்டார்கள். இப்போது பிறப்பு 1871, மனைவியர் இருவர், கடைசிப் பிள்ளை 1958இல்! இருவருக்குமே தகப்பன் பெயர் அந்தோணி. எப்படிப் பிரிப்பது?

பதில்: 87 வயதில் பிள்ளை என்பதிலேயே குட்டு உடைந்துவிட்டது. அநேகமாகத் தாத்தாவும் பேரனும்தான். நம் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். அந்தோணி மகன் சவரிமுத்து, அவர் மகன் அந்தோணி, அவர் மகன் சவரிமுத்து என்று போகும்போது இனிஷியல்கூட மாறாது. ஆகவே தகப்பன் பெயரை விடுங்கள். பெண்கள் பெயரைப் பிடியுங்கள்.

முதலில் மரத்தைத் தொடவே வேண்டாம். பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருவர் பதிவையும் தேடி, தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகளின் பதிவுகளையும் பாருங்கள். எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்கு என்பது அதில் தெரிந்துவிடும். ஓரக் குறிப்பு முக்கியம். ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்ற திருச்சபை விதி 1908இல் வந்தது. பேரன் பதிவருகே மனைவி பெயர் கிடைக்க வாய்ப்புண்டு. 1890களில் மணமான தாத்தாவுக்கு அதை எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் கணினிக்கு வாருங்கள். அவர் பக்கத்தில் அண்மை மாற்றங்களின் பட்டியலை முழுதாகத் திறந்தால், இணைத்தது யார், எந்த நாள் என்று தெரியும். அதன்பின் யாரும் கைவைக்கவில்லை என்றால் அங்கேயே இணைப்பை ரத்து செய்யலாம். திருத்தங்கள் நடந்திருந்தால் ரத்து செய்ய விடாமல் போகலாம். அப்போது இணைப்பில் காணாமல்போன சவரிமுத்துவை அவருடைய பழைய அடையாள எண்ணைக் கொண்டு மீட்டெடுத்து, மனைவி மக்களை ஒவ்வொருவராக அவரிடம் மாற்றுங்கள். சான்றுகளையும் சேர்த்து மாற்றுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: பேரனின் பதிவு தாத்தா பக்கத்திலேயே கிடந்தால், அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து மறுபடி ஒட்டிவிடுவார். கடைசியில் இருவரையும் 'பொருந்தவில்லை' என்று குறித்து, காரணத்தை இரண்டு வரியில் எழுதிவையுங்கள். இணைத்தவருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள், திட்டாமல். பெரும்பாலும் உங்கள் பங்காளியாகத்தான் இருப்பார்.

கேள்வி (தொண்டி வாசகர்): கிரயப் பத்திரத்தில் 'சுபகிருது வருஷம்' மட்டும் படிக்க முடிகிறது. வாங்கியது தாத்தாவா, பேரனா?

பதில்: அந்தப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1902, 1962. ஜில்லா மதுரை என்றிருந்தால் 1902. ராமநாதபுரம் ஜில்லா உருவானது 1910இல்தான். தொகை நயா பைசாவில் இருந்தால் 1962. நயா பைசா வந்தது 1957இல்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): மீஸான் கல்லில் (கபர் மேல் நடும் கல்) ஹிஜ்ரி 1318, வயது 63. வீட்டுக் குறிப்பில் பிறப்பு ஹிஜ்ரி 1255. மரத்தில் 1837இல் பிறந்தவர் ஒருவர், 1839இல் பிறந்தவர் ஒருவர். இருவரா?

பதில்: ஒருவரே என்று தோன்றுகிறது. கல்லில் உள்ள வயதும் ஹிஜ்ரி வயது. யாரோ 1318ஐ 1900 ஆக மாற்றிவிட்டு, 63ஐ மாற்றாமல் அப்படியே கழித்திருக்கிறார்கள். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் 63 ஹிஜ்ரி வயது ஏறத்தாழ 61தான். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள்: 1255க்கு 1839 வரும். தகப்பன் பெயரும் மனைவி பெயரும் ஒத்துவந்தால், இங்கே இணைப்பதுதான் சரி.