சாட்சி சொல்லும்போது அழலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்று வருடத்துக்கு முன் என் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். இரண்டு பிள்ளைகளும் கடனும்தான் மிச்சம். பக்கத்து வீட்டு அக்கா ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். அதன் பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினேன், சாப்பிட்டேன். போன வருடம் ஞானஸ்நானம் எடுத்தேன். "நொந்து கிடந்த நேரம் பார்த்து இழுத்துவிட்டார்கள்" என்கிறார் அம்மா. அடுத்த ஞாயிறு சபையில் எல்லார் முன்னாலும், விசுவாசத்துக்கு எப்படி வந்தேன் என்று என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். "கண்ணீரெல்லாம் போய்விட்டது என்று சொல்லு, இன்னும் அழுவது அவிசுவாசம்" என்கிறார்கள். ஆனால் ஆணியில் தொங்கும் அவருடைய வண்டிச் சாவியைப் பார்த்தால் இப்போதும் அழுதுவிடுகிறேன். எனக்குக் கிடைத்த சுகம் பொய்யா?

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

பொய் இல்லை. தூக்கம் வந்ததும் பசி எடுத்ததும் உங்கள் உடம்புக்குத் தெரியும். அதற்கு யாரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

சின்ன வயதிலிருந்து சாட்சிகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். முதல் பாதி முழுக்க இருட்டு, நடுவில் ஒரு தேதி, அப்புறம் ஒரே வெளிச்சம். ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் என்ன ஆயிற்று என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு அந்த மறுநாள்தான் தெரிய வேண்டும். பண்டித ரமாபாயின் சாட்சி எனக்குப் பிடித்ததும் அதனால்தான்.

1858-இல் பிறந்த மராத்தி பிராமணப் பெண். கோயில் கோயிலாகப் புராணம் வாசித்துப் பிழைத்த குடும்பம். 1870-களின் பஞ்சத்தில் அப்பா, அம்மா, அக்கா மூவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சிய அண்ணனும் தங்கையும் நாடு முழுக்க நடந்தார்கள். பஞ்சாபில் ஜீலம் ஆற்றங்கரையில் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல், மண்ணில் சவக்குழி மாதிரி இரண்டு பள்ளம் தோண்டி, உள்ளே படுத்து, உலர்ந்த மணலை மேலே இழுத்து மூடிக்கொண்டு இரவைக் கழித்ததை அவரே எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் அவருடைய சமஸ்கிருதப் புலமையைப் பார்த்துப் 'பண்டிதை' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டம் கொடுத்தார்கள். 1880-இல் அண்ணன் இறந்தார். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டே வருடத்தில் கணவரைக் காலரா கொண்டுபோனது. கையில் மனோரமா என்ற சின்னக் குழந்தை.

மருத்துவம் படிக்கலாம் என்று இங்கிலாந்து போனார். காது சரியாகக் கேட்காததால் அந்த வழியும் அடைபட்டது. அங்கே, ஊர் ஒதுக்கிவைத்த பெண்களைக் கன்னியாஸ்திரிகள் பராமரித்த இல்லம் ஒன்றைப் பார்த்தார். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியர் இனத்தில் பிறந்து, கிணற்றடியில் இயேசுவோடு பேசிய பெண்ணின் கதையைச் சொன்னார்கள். 1883-இல் வாண்டேஜ் என்ற ஊரில் மகளோடு ஞானஸ்நானம் எடுத்தார்.

நம் ஊர்ச் சாட்சி என்றால் இதோடு முடிந்திருக்கும். ரமாபாய் அதற்குப் பிறகுதான் சண்டையே போட்டார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவம் எனக்குப் புரியவில்லை என்றார். சிலுவையில் ஏன் லத்தீன் எழுத்து, சமஸ்கிருதத்தில் இருக்கட்டுமே என்றார். இப்போதுதான் ஒரு புரோகிதர் நுகத்தைக் கழற்றியிருக்கிறேன், இன்னொன்றைப் பூட்டிக்கொள்ள மாட்டேன் என்று, தன்னைத் தாங்கிய கன்னியாஸ்திரிகளுக்கே கடிதம் எழுதினார். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஞானஸ்நானம் ஆகி எட்டு வருடம் கழிந்த பிறகுதான், கிறிஸ்தவ மதம் கிடைத்தது, கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்ற உண்மை தனக்கு உறைத்ததாகச் சாட்சியில் எழுதுகிறார். எட்டு வருடம். உங்களுக்கு ஒன்றுதான் ஆகியிருக்கிறது.

பின்னாளில் புனேவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் ஓர் இல்லம் கட்டினார். பெயர் 'முக்தி', விடுதலை. 1896-97 பஞ்சத்தில் நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளை அங்கே கூட்டிவந்தார். பட்டினி என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வேதாகமத்தை மூலமொழிகளிலிருந்து மராத்தியில் பெயர்த்தார். இல்லத்துப் பெண்களே அச்சகத்தில் எழுத்துக் கோத்தார்கள். 1921-இல் மனோரமா இறந்தார். அடுத்த வருடம் ஏப்ரலில் ரமாபாயும். விசுவாசம் அவருடைய வீட்டுக்குச் சாவு வராமல் தடுத்துவிடவில்லை.

உங்கள் அம்மா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நொந்த நேரத்தில்தான் போனீர்கள். சொகுசாக இருக்கும்போது யார் போகிறார்கள்? அன்றைக்கு எப்படிப் போனீர்கள் என்பதைவிட, இன்றைக்கு அங்கே கேள்வி கேட்க முடிகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். அழாதே என்றும், சாட்சியில் இன்னதைத்தான் சொல் என்றும் வசனம் எழுதித் தரும் இடத்தில் கொஞ்சம் விழிப்பாக இருங்கள். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று வேதாகமத்தில் சங்கீதம் 56-இல் ஒருவர் கடவுளிடம் கேட்கிறார். துருத்தி என்றால் இங்கே தோல்பை. அவர் கண்ணீரை நிறுத்தச் சொல்லவில்லை. சேர்த்து வைக்கச் சொல்கிறார், கணக்கும் கேட்கிறார். அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் இதைத் திறந்து காட்டுங்கள்.

ஞாயிறன்று மைக்கைக் கையில் கொடுத்தால் அந்தச் சாவியைப் பற்றியே சொல்லுங்கள். நடுவில் அழுகை வந்தால் வரட்டும். முன்வரிசையில் யாராவது ஒரு விதவை தலையை நிமிர்த்திப் பார்ப்பார்.

வண்டி என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே. மூன்று வருடமாக நிற்கிறது என்றால் பேட்டரி போயிருக்கும். மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.