நடந்தால் தேயுமா, உட்கார்ந்தால் தேயுமா?

கேள்வி: எனக்கு 61 வயது. முழங்கால் வலிக்கிறது என்று போனபோது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஜவ்வு தேய்ந்திருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் என்னை எழுந்திருக்கவே விடுவதில்லை, நடந்தால் மிச்சமும் தேய்ந்துவிடுமாம். என் பேத்தி நாள் முழுக்கக் குதித்துக்கொண்டே இருக்கிறாளே, அவளுக்கு மட்டும் ஏன் தேயவில்லை?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பேத்தியை வைத்து நீங்கள் கேட்டதில்தான் முழு விஷயமும் இருக்கிறது அம்மா. உங்கள் வீட்டார் மூட்டைச் செருப்பு மாதிரி நினைக்கிறார்கள், போட்டு நடந்தால் தேயும், எடுத்து வைத்தால் அப்படியே இருக்கும் என்று. ஆனால் ஜவ்வு என்று அவர்கள் சொன்னது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பை, அதற்குள் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. ரொம்பக் கொஞ்சம்தான், பெரியவர்களின் குருத்தெலும்பில் நூற்றில் சில பங்கு இடத்தைத்தான் அவை பிடித்திருக்கும். மீதியெல்லாம் அந்தச் செல்கள் தயாரித்துப் போட்ட கொலாஜன் நார், அதன் இடையில் நீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகன் என்ற பொருள், அப்புறம் நிறையத் தண்ணீர். ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. செல்லுக்கு வேண்டிய சத்து மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். காலை ஊன்றும்போது கொஞ்சம் நீர் பிதுங்கி வெளியேறுகிறது, காலை எடுத்தால் திரும்ப உள்ளே போகிறது. அந்தப் போக்குவரத்துக்கு அசைவு வேண்டும்.

இதைவிட முக்கியம், செல் தன் மேல் விழும் அழுத்தத்தை உணர்கிறது. அதன் மேலுறையில் இருக்கும் சில புரதங்கள் அழுத்தம் வந்தால் திறந்து கால்சியத்தை உள்ளே விடுகின்றன. மிதமான அழுத்தத்துக்குப் பதில் சொல்ல ஒரு புரதம், மிதமிஞ்சிய அழுத்தத்துக்கு பியசோ என்ற வேறு புரதங்கள். (பியசோவை 2010-இல் கண்டறிந்த ஆர்டெம் படாபூட்டியன் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) 1989-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கன்றுக்குட்டியின் குருத்தெலும்புத் துண்டுகளை எடுத்து அழுத்திப் பார்த்தார்கள். விட்டுவிட்டுத் தாளமாக அழுத்தினால் செல்கள் புதுப் பொருளைக் கூடுதலாகத் தயாரித்தன, ஒரேயடியாக அழுத்தியே வைத்திருந்தால் உற்பத்தி குறைந்தது. அதாவது எவ்வளவு அழுத்தம் என்பது மட்டும் கணக்கில்லை, அது வந்து போகிறதா, வந்து உட்கார்ந்துவிடுகிறதா என்பதையும் செல் பார்க்கிறது.

சரி, வயதுக்கு வருவோம். உங்கள் பேத்தியின் செல்கள் கட்டும் வேலையில் இருக்கின்றன, உங்களுடையவை பராமரிக்கும் வேலையில். இது பேச்சுக்குச் சொல்வதில்லை, அளந்திருக்கிறார்கள். 1955-லிருந்து 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏகமாகக் கூடியது, பிறகு மெல்லக் குறைந்தது. அந்தக் கார்பன் சாப்பாட்டு வழியாக எல்லார் உடம்பிலும் சேர்ந்தது என்பதால், ஒரு திசு எந்த வருடங்களில் உருவானது என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம். கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் குதிகாலுக்கு மேலே விறைப்பாகத் தட்டுப்படும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை இப்படிச் சோதித்தபோது, அதன் உட்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகி முடிந்து, பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. குருத்தெலும்பின் கொலாஜனும் அப்படித்தான். இன்று உங்கள் முழங்காலைத் தாங்கும் நார், நீங்கள் பாவாடை தாவணியில் ஓடித் திரிந்த காலத்தில் போட்டது! வருடங்கள் போகப்போக அதில் சர்க்கரை ஒட்டி நார்கள் ஒன்றோடொன்று இறுகி விறைக்கின்றன. செல்களிலும் சில மூப்படைந்து, வேலையை நிறுத்தியதோடு அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் கசிய விடுகின்றன. வளர்ச்சி ஹார்மோன்களின் சொல்லுக்கும் முன்போல அவை செவி கொடுப்பதில்லை.

ஆனால் பதில் குறைகிறதே தவிர நின்றுவிடுவதில்லை. எழுபதைத் தாண்டியவர்களுக்கு 14 வாரம் கால் வலுப்பயிற்சி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், வயதால் தளர்ந்திருந்த முழங்கால் தசைநாணின் உறுதி நன்றாகவே கூடியது. 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 பேருக்கும் இடுப்பு, முழங்கால் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் இது 13.3. உங்களை ஓடச் சொல்லவில்லை, அந்த மூன்று எண்களை வீட்டாரிடம் காட்டுங்கள் என்கிறேன்.

சமதளத்தில், வலி தாங்கும் அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளில் பல தடவை நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து பழகுங்கள், தொடைத் தசைக்கு அதுவே நல்ல பயிற்சி. சம்மணம் போட்டு மணிக்கணக்கில் ஒரே நிலையில் உட்கார வேண்டாம். எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறைகிறது. நடந்த வலி மறுநாளும் போகவில்லை என்றால் அளவைக் குறையுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஜிம்முக்குப் போக ஆசைப்படுகிறான். எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார் என் மாமனார். ஏற்கெனவே கிரிக்கெட்டில் தினமும் வேகப்பந்து போடுகிறான், அது போதாதா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, அளவான எடையோடு செய்தால் வளர்த்தி நிற்காது. நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. அதற்கு ஆபத்து, தப்பான முறையில் அதிக எடையைத் தூக்கிக் கீழே போட்டுக்கொள்வதில்தான்.

உண்மையில் சுமை அதிகம் பலன் தரும் வயது இது. டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களை பின்லாந்தில் ஆராய்ந்தபோது, ஆடும் கையின் எலும்பு மறு கையைவிடத் திடமாக இருந்தது, பூப்படைவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் பிறகு தொடங்கியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எலும்புக்குள் இருக்கும் செல்கள் சிறு வயதில் அழுத்தத்துக்கு அவ்வளவு தாராளமாகப் பதில் சொல்கின்றன.

எனக்குக் கவலை ஜிம்மில் இல்லை, தினமும் போடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில். வளரும் பையன்கள் ஓய்வில்லாமல் வேகப்பந்து போடும்போது இடுப்பு முள்ளெலும்பில் மெல்லிய விரிசல் விழும், வலது கையால் போடுபவர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வயது வாரியாக ஓவர்களுக்கு வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான். நம் ஊர் அகாடமிகளில் இதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் பெற்றோர்தான், தயவுசெய்து கேளுங்கள். வாரத்தில் சில நாள் முழு ஓய்வு கொடுங்கள், முதுகு வலிக்கிறது என்று சொன்னால் அன்றே பந்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு 84 வயது, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். ஒரே நாளில் பின்பக்கம் புண் மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு சீக்கிரமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்த வயதில் சீக்கிரம்தான் வரும். தோலின் உட்பகுதியில் இருக்கும் நார்ச்செல்கள் கொலாஜனைப் பற்றி இழுத்துக்கொண்டு விறைப்பாக இருந்தால்தான் புதுக் கொலாஜனைத் தயாரிக்கும். வயதானால் அந்த நார்கள் துண்டு துண்டாகிவிடும், பிடிமானம் போன செல் சுருங்கும், தயாரிப்பு குறையும், இருப்பதை அரிக்கும் நொதி கூடும். தோல் மெலிந்துபோன இடத்தில் எலும்பு உள்ளிருந்து அழுத்த, படுக்கை வெளியிலிருந்து அழுத்த, நடுவில் ரத்த ஓட்டம் அடைபடுகிறது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிலை மாற்றுங்கள், ஒரேயடியாகப் பக்கவாட்டில் திருப்பாமல் தலையணை கொடுத்துப் பாதி சாய்வாக வையுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கவோ எண்ணெய் போட்டு நீவவோ வேண்டாம், நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், சுற்றிலும் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது, அதனால் தினமும் குளிப்பாட்டித் துடைக்கும்போது இடுப்பு, பிட்டம், குதிகால் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் தொடக்கம். உங்கள் மாமியாருக்குத் தோல் ஏற்கெனவே விட்டுவிட்டது என்பதால், இந்த வாரமே டாக்டரையோ புண்ணுக்குக் கட்டுப்போடத் தெரிந்த நர்ஸையோ வீட்டுக்கு வரவழைத்துக் காட்டிவிடுங்கள்.