டெர்பி அன்று வீட்டில் சீட்டுக் குலுக்கினால் குற்றமா?

கேள்வி: என் மாமனார் ஒரு காலத்தில் கிண்டி ரேஸ் லாயத்தில் குதிரை பார்த்துக்கொண்டவர். பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை மும்பை மகாலட்சுமியில் நடக்கும் இந்தியன் டெர்பி குதிரைப் பந்தயத்தை வருடா வருடம் அவரோடு சேர்ந்து குடும்பமே எங்கள் வீட்டில் பார்ப்போம். ஆளுக்கு 100 ரூபாய் போட்டு, குதிரைகளின் பெயர் எழுதிய சீட்டுகளை எவர்சில்வர் டப்பாவில் குலுக்கி எடுப்போம். ஜெயித்த சீட்டுக்காரருக்கே மொத்தப் பணமும். இந்த முறை பக்கத்து வீட்டுக்காரர், "இது சூதாட்டம், போலீஸில் சொல்லிவிடுவேன்" என்கிறார். இன்னொரு பிரச்சினை. என் நாத்தனார் கணவர், ஒரு புக்கியிடம் (பந்தயப் பணம் வாங்குபவர்) கட்டித் தருவதாகச் சொல்லி என்னிடம் 5,000 ரூபாயை ஜிபேயில் வாங்கினார். குதிரை ஜெயித்தது. கணக்குப்படி 20,000 வர வேண்டும். "புக்கி போனையே எடுக்கவில்லை" என்கிறார். வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், சகோதரி. தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930இலும் சென்னை மாநகரக் காவல் சட்டத்திலும் முக்கியமாகக் குறிவைக்கப்படுவது பொதுச் சூதாட்ட விடுதி. ஒரு வீட்டை அப்படிச் சொல்ல வேண்டுமானால், பொதுவாக வீட்டுக்காரர் அதில் லாபம் பார்த்திருக்க வேண்டும். இடத்துக்கு வாடகை, ஆட்டத்தில் கமிஷன் என்று ஏதோ ஒரு வகையில் வருமானம் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் டப்பாவில் விழுந்த பணம் முழுவதும் ஜெயித்தவர் கைக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு மிஞ்சுவது பஜ்ஜி சுட்ட எண்ணெய்ச் செலவுதான்.

உங்கள் மாமனாருக்கு ஒரு வழக்கு நினைவிருக்கும். 1986இல் சென்னை ரேஸ் கிளப்பை அரசே எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. அதை எதிர்த்த வழக்கில் 12.1.1996 அன்று உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, குதிரையை ஓட்டும் ஜாக்கியின் கைவண்ணம் எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள் என்பது அதன் அடிப்படை. ஆனால் இந்தத் தீர்ப்பைக் காட்டி நீங்கள் தப்பிக்க நினைக்க வேண்டாம். சீட்டுக் குலுக்குவதில் திறமை எங்கே இருக்கிறது? அது முழுக்க அதிர்ஷ்டம். உங்களைக் காப்பது, லாபம் பார்க்காத குடும்ப விளையாட்டு என்பது மட்டும்தான். அதனால் வெளியாட்களைப் பணம் போட்டுச் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் பெயரில் பணம் போட வேண்டவே வேண்டாம். ஜாக்கி சட்டையின் நிறத்தைப் பார்த்து "என் குதிரை, என் குதிரை" என்று அவர்கள் கத்தட்டும், அது போதும். என் யோசனையைக் கேட்டால், அடுத்த வருடம் பணத்தையே விட்டுவிட்டு, ஜெயித்தவருக்கு நீங்களே ஒரு டிபன் கேரியர் பரிசாகக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்கும் வேலை இருக்காது.

சரி, 20,000 ரூபாய்க்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30இன்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லும் பணத்தைக் கேட்டு எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அதே பிரிவில் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதை யாராவது உங்களுக்குச் சொல்லி ஆசை காட்டலாம். ஏமாறாதீர்கள். ஜெயிக்கும் குதிரைக்கு 500 ரூபாய் அல்லது அதற்கு மேல் பரிசு கொடுக்கச் சேர்க்கும் நிதிக்கான விலக்கு அது. பார்க்கிறவர்கள் கட்டும் பந்தயத்துக்கு அது உதவாது.

ஆக, புக்கி ஓடிவிட்டது உண்மையானால் 20,000 போனதுதான். உரிமம் இல்லாத புக்கியிடம் கட்டச் சொல்லி நீங்களே கொடுத்த பணம் என்பதால், 5,000ஐக் கேட்டுப் போனாலும் நீதிமன்றம் கைகொடுக்கும் என்று என்னால் நம்பிக்கை சொல்ல முடியாது. புக்கி பணத்தைக் கொடுத்து, அதை உங்கள் உறவினர் அமுக்கிக்கொண்டார் என்றாலும் இதே சிக்கல் குறுக்கே வரும். பந்தயம் செல்லாதே தவிர, பந்தயம் என்பதாலேயே சட்டவிரோதமாகிவிடாது என்று 1959இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உரிமமில்லாத புக்கி விஷயத்தில் அந்த வாதம் பலவீனப்படும்.

உங்களுக்குப் பலமான வழி ஒன்றுதான்: நாத்தனார் கணவர் பணத்தைக் கட்டவே இல்லை என்றால், பந்தயமே நடக்கவில்லை. அப்போது அது அவர் கையில் இருக்கும் உங்கள் பணம். மூன்று வருடத்துக்குள் சிவில் வழக்குப் போட்டுக் கேட்கலாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) பிரிவு 318 மோசடியும் வரும். இருந்தாலும் போலீஸுக்கு முதலில் போகாதீர்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வியே "யாரம்மா அந்த புக்கி?" என்பதாகத்தான் இருக்கும்.

மாமனாரை உடன் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பேசுங்கள். நாத்தனார் மனம் நோகாமல் முடிக்க அதுதான் வழி. நாத்தனார் கணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "புக்கிக்கு அனுப்பிய பதிவைக் காட்டுங்கள்." நீங்கள் அவருக்கு அனுப்பிய நேரம் உங்கள் ஜிபேயில் இருக்கிறது. அவர் புக்கிக்கு அனுப்பியதன் நேரம் அதற்குப் பின்னும், ரேஸ் தொடங்குவதற்கு முன்னும் இருக்க வேண்டும். அப்படி ஒரு பதிவு இல்லையென்றால், 5,000ஐத் திருப்பிக் கேட்டு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம்.